நிலவு யாருடைய நிலம்?

பூரணை இரவொன்றில் பாடசாலை முற்றத்திலே சிறியதொரு தொலைநோக்கியை நிறுத்தி, மாணவர்களை ஒருவர் பின் ஒருவராக அழைத்துச் சந்திரனைக் காட்டிக்கொண்டிருந்தோம். சந்திரனைப் பார்ப்பதற்குப் பூரணை உகந்த நாளன்று. அன்று சூரியவொளி நேரே விழுவதால் மலைகளின் நிழல்கள் மறைந்து அதன் முகம் தட்டையாகத் தோன்றும். ஆயினும் எல்லோருக்கும் விடுமுறை கிடைப்பது அந்நாளிலேதான். வானியலுக்கும் விடுமுறைப் பட்டியலுக்கும் இடையே நாம் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. கண்ணை வில்லையினின்றும் எடுத்த மாணவன் ஒருவன், "ஐயா, இது ஆருடைய காணி?" என்று கேட்டான். சுற்றி நின்றோர் சிரித்தனர்; நாமும் சிரித்தோம். "அது ஒருவருக்கும் சொந்தமில்லைத் தம்பி" என்று கூறி அடுத்தவனை அழைத்தோம்.

வீடு திரும்பும் வழியில் அவ்விடை நம்மை உறுத்தத் தொடங்கிற்று. 'ஒருவருக்கும் சொந்தமில்லை' என்பதும் 'எல்லோருக்கும் சொந்தம்' என்பதும் ஒரே பொருளுடைய சொற்கள்தாமா? மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இவ்விரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையினாலேயே நாடுகள் பறிபோயின என்பதை இத்தீவின் வரலாறு அறிந்தோர் மறுக்கமாட்டார்கள்.

முதலில் அந்தக் காணியைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம்.

பூமியிலிருந்து சராசரி 384,400 கிலோமீற்றர் தூரத்தில், 3,474 கிலோமீற்றர் விட்டமுள்ள பாறைக் கோளமாகச் சந்திரன் சுழல்கின்றது. அதன் ஈர்ப்பு நமது பூமியின் ஈர்ப்பில் ஆறிலொரு பங்கு. காற்று மண்டலம் என்று சொல்லத்தக்கதொன்று அங்கில்லை. ஆகவே ஓசையுமில்லை, நீலவானமுமில்லை, அந்திச் செவ்வானமுமில்லை. ஒரு பகல் ஏறக்குறைய இரண்டு வாரம். ஓர் இரவும் அவ்வாறே. நண்பகலில் நீர் கொதிக்கும் வெப்பத்தையும் தாண்டுகின்ற அதே நிலம், இரவில் பூச்சியத்துக்குக் கீழே நூற்றைம்பது பாகைக்கு அண்மையில் உறைந்து கிடக்கின்றது. தன்னைத் தானே சுற்றும் காலமும் பூமியைச் சுற்றும் காலமும் ஒன்றாக இருப்பதால், ஒரே முகத்தையே அது நமக்கு என்றும் காட்டுகின்றது.

அந்த முகத்திலுள்ள கறைகளை முயலென்றனர் சிலர். வடை சுடும் பாட்டி என்றனர் வேறு சிலர். முன்னூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பீறிப் பாய்ந்து உறைந்த எரிமலைக் குழம்பின் சமவெளிகள் அவை. 1609இல் கலிலியோ தமது தொலைநோக்கியை அதன்மீது திருப்பியபோது கண்டவை மலைகளும் பள்ளங்களுமே. மலைகளின் நிழலை அளந்து அவற்றின் உயரத்தையும் அவர் கணித்தார். இது வெறும் அளவீடன்று. வானுலகம் மாசற்றது, மண்ணுலகம் இழிந்தது என்று வகுத்து, அதே ஒழுங்கை மனிதர்க்குள்ளும் மேல் கீழ் என நாட்டியிருந்த கொள்கை, அந்த மலை நிழல்களினால் ஆட்டங் கண்டது. சந்திரனும் மண்தான் என்றால், மேலுலகம் என்று ஒன்று எங்கே?

1651இல் ரிச்சியோலி என்னும் யேசு சபைத் துறவி அச்சிட்ட சந்திரப் படத்திலேதான் இன்று வழங்கும் 'அமைதிக் கடல்', 'புயற் சமுத்திரம்' முதலிய பெயர்கள் இடம்பெற்றன. கொப்பர்னிக்கசின் கொள்கையைத் திருச்சபை தடைசெய்திருந்த காலம் அது. எனினும் புயற் சமுத்திரத்தின் நடுவே ஒளிர்கின்ற அழகான குழியொன்றுக்கு அவர் கொப்பர்னிக்கசின் பெயரையே வைத்தார். தண்டனையாகக் கடலில் எறிந்தாரோ, மரியாதையாக நடுவே இருத்தினாரோ, வாசகர்கள் தம் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளலாம்.

பெயர் வைப்பது ஒன்று; போய்ச் சேர்வது வேறொன்று. போய்ச் சேரும் வழியைக் கணக்கிட்டவர் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதை இவ்விதழைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்வதில் நமக்கு மகிழ்ச்சி. கொன்ஸ்தந்தின் சியோல்கொவ்ஸ்கி, சிறுவயதிற் செங்காய்ச்சலினாற் செவிப்புலனை இழந்தவர்; நூலகங்களிலே தாமே கற்றுத் தேறியவர்; ரஷ்யாவின் கலூகா என்னும் சிறு நகரிலே கணிதம் கற்பித்தவர். 1903இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலே ரொக்கெட் பயணத்தின் அடிப்படைச் சமன்பாடு உண்டு.

ரொக்கெட் எதையும் உதைத்துக்கொண்டு மேலே செல்வதில்லை. தன்னுள்ளிருக்கும் வாயுவைப் பெருவேகத்தோடு பின்னே வீசுகின்றது. அவ்வாயு அதனை முன்னே தள்ளுகின்றது. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டென்ற நியூட்டனின் விதியே இது. ஆகவே வெற்றிடத்திலும் அது செல்லும். இந்த எளிய உண்மையை 1920இல் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரிய பீடம் விளங்கிக்கொள்ளவில்லை. வெற்றிடத்தில் ரொக்கெட் எதனைத் தள்ளும் என்று கேட்டு, உயர்தரப் பள்ளியில் கற்பிக்கும் அறிவுதானும் இல்லாதவரென விஞ்ஞானி கொடார்ட்டைக் கேலி செய்தது. அப்பொலோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17ஆம் திகதி, அதே பத்திரிகை தன் பிழைக்கு வருத்தந் தெரிவித்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகள்! கொடார்ட் இறந்து ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

சியோல்கொவ்ஸ்கியின் சமன்பாட்டில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கின்றது. வேகம் கூட்டலாக வளர வேண்டுமாயின் எரிபொருள் பெருக்கலாக வளர வேண்டும். வாயு வினாடிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். ரொக்கெட்டும் மூன்று கிலோமீற்றர் வேகம் பெறுவதற்கு அதன் தொடக்க நிறை இறுதி நிறையைப் போல ஏறக்குறைய 2.7 மடங்காக இருத்தல் வேண்டும். ஆறு கிலோமீற்றருக்கு 7.4 மடங்கு, ஒன்பதுக்கு இருபது மடங்கு. எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள், அதைச் சுமப்பதற்கு மேலும் எரிபொருள். வெறுமையான தாங்கிகளை வழியிற் கழற்றி எறிந்துவிட்டுச் செல்லும் அடுக்கு ரொக்கெட் இக்கொடுமையைத் தணிப்பதற்காகவே எழுந்தது. சந்திரனுக்கு மனிதரைக் கொண்டு சென்ற சற்றேண் 5, புறப்படும்போது ஏறத்தாழ 2,900 தொன் நிறையுடையது. மனிதரோடு பூமிக்குத் திரும்பிவந்த பகுதி ஐந்து தொன்னளவிலான ஒரு கூடு மாத்திரமே. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சொத்துரிமை பற்றிய வழக்கின் வேர் இதிலேதான் இருக்கின்றது.

சமன்பாடு கலூகாவிலே பிறந்தது. இரும்பு வேறிடத்திலே உருக்கப்பட்டது. விண்வெளியின் எல்லையை முதன்முதலாகத் தாண்டிய மனித ஆக்கம் ஜேர்மனியின் வி-2 ஏவுகணை, ஆண்டு 1944. 1943 முதல் அதனை நோர்ட்ஹவுசன் நகருக்கு அண்மையில் மலைச் சுரங்கங்களிலே கட்டியவர்கள், டோரா முகாமின் கைதிகள். பல நாட்டவர்; சூரியனைக் காணாது மாதக்கணக்காகச் சுரங்கத்திலேயே உழைத்து, அங்கேயே உறங்கி, அங்கேயே மடிந்தவர்கள். டோராவிலும் அதன் துணை முகாம்களிலும் அறுபதினாயிரம் பேர்வரை அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றிலொரு பங்கினர் உயிரிழந்தனர். அந்த ஏவுகணை விழுந்து இறந்தோரைக் காட்டிலும் அதைச் செய்தபோது இறந்தோர் தொகை பெரிது. அதனை வடிவமைத்த வேர்ணர் ஃபொன் பிரவுன் பின்னர் அமெரிக்காவிலே சற்றேணையும் வடிவமைத்தார். சுரங்கத் தொழிற்சாலையின் உற்பத்தியை நடத்திய ஆர்தர் ருடோல்ப், சற்றேண் திட்டத்தின் முகாமையாளராகவே விளங்கினார். விசாரணை நெருங்கியபோது 1984இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து வெளியேறினார்.

இதனைச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாது விடுவது நமக்கு அழகன்று. சோவியத் விண்கலங்களின் தலைமைச் சிற்பி கொரொலெவ் 1938இல் பொய்க்குற்றஞ் சாட்டப்பட்டுக் கைதானவர். கொலிமாத் தங்கச் சுரங்கத்திலே நோயினாற் பற்களை இழந்தவர். 1944 வரை சிறைப்பட்டே இருந்தவர். 1957இல் ஸ்புட்னிக்கையும், 1959இல் சந்திரனை முதன்முதல் தொட்ட லூனா 2ஐயும், அதன் மறுபக்கத்தை மனிதர்க்கு முதன்முதல் காட்டிய லூனா 3ஐயும் அனுப்பிய அம்மனிதரின் பெயரை 1966இல் அவர் இறக்கும்வரை உலகம் அறியவில்லை. சமதர்மத்தின் பெயரால் நிகழ்ந்த அநீதிக்கு வேறு பெயர் சூட்டிவிட நமக்கு உரிமையில்லை.

அப்படியாயின் இக்கறை படிந்த அறிவை நாம் வெறுத்தொதுக்க வேண்டுமா? அவ்வாறு சொல்வோர் உளர். நமக்கு அது உடன்பாடன்று. டோராவின் சுரங்கத்தில் இறந்தவனுக்கு, அவன் உழைப்பை மறந்துவிடுவதனால் நீதி கிடைத்துவிடாது. அந்த உழைப்பு மனிதகுலத்தின் ஆக்கத்திலே கலந்துவிட்டது. அதன் பயன் யாரிடம் போய்ச் சேர்கின்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. இவ்விடத்தில் வேறு சில கைகளையும் எண்ணிப் பார்ப்போம். அப்பொலோவின் கணிப்பொறிக்கு நினைவகம் வேண்டியிருந்தது. மசச்சூசெற்சில் ஒரு தொழிற்சாலையிலே பெண்கள் மெல்லிய செப்புக் கம்பிகளைச் சிறு வளையங்களினூடு ஊசிகொண்டு கோத்தே அதனை நெய்தனர். கம்பி வளையத்துட் புகுந்தால் ஒன்று, புறத்தே சென்றால் பூச்சியம். விண்வெளி அங்கியைத் தைத்தவர்களும் தையற் தொழிலாளிப் பெண்களே. அப்பொலோத் திட்டத்தில் உழைத்தோர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். சந்திரனில் நடந்தோர் பன்னிருவர்.

அப்பொலோ 11 புறப்படுவதற்கு முதல்நாள், ரால்ப் அபர்நதி என்னும் கறுப்பின மக்கள் தலைவர், ஏழை மக்களோடும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளோடும் ஏவுதளத்தை நோக்கி வந்தார். பசித்திருப்போர் இருக்கையில் இத்துணைப் பணம் சந்திரனுக்கா என்று கேட்டார். விண்வெளி நிறுவனத்தின் தலைவர் தோமஸ் பெயின் மழைத் தூறலில் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். ஏவும் பொத்தானை அழுத்தாது விடுவதால் வறுமை ஒழியுமாயின் அதை அழுத்தாமல் விடுவோம் என்றார். நாம் இவ்விருவரின் சொல்லையும் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பெயின் சொன்னதில் பொய்யில்லை. ரொக்கெட்டை நிறுத்தினால் அந்தப் பணம் ஏழையின் அடுப்புக்கு வந்துவிடும் என்று நம்புமளவுக்கு நாம் அரசுகளை அறியாதவர்களல்லர். ஆயினும் வறுமையை ஒழிக்கும் பொத்தான் ஏன் செய்யப்படவில்லை என்ற கேள்வியும் அதே விடையிலே தொங்கிக்கொண்டிருக்கின்றது. அபர்நதி பயணத்தைச் சபிக்கவில்லை. விண்வீரர்களுக்காகப் பிரார்த்திக்குமாறு பெயின் கேட்டதற்கு இசைந்தார். சந்திரனுக்குப் போகாதே என்பதன்று அவர் சொன்னது. எம்மை விட்டுவிட்டுப் போகாதே என்பதே.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். சந்திரனின் அச்சு ஏறக்குறைய ஒன்றரைப் பாகையே சாய்ந்திருக்கின்றது. ஆகவே துருவங்களிலே சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றிவரும். அங்குள்ள ஆழ்ந்த குழிகளின் அடித்தளத்தில் பல கோடி ஆண்டுகளாக வெயில் பட்டதில்லை. அங்கு நீர் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கின்றது. 2008இல் இந்தியா அனுப்பிய சந்திரயான் 1, சந்திரனில் நீரின் தடயத்தைக் காட்டிற்று. 2009இல் அமெரிக்கா வெறுமையான ரொக்கெட் பாகமொன்றைத் தென்துருவத்துக்கு அண்மையிலுள்ள ஒரு குழியில் மோதவிட்டு, எழுந்த தூசியில் நீரைக் கண்டது. நீரைப் பிரித்தால் ஐதரசனும் ஒட்சிசனும். அவையே ரொக்கெட்டின் எரிபொருள். பூமியிலிருந்து ஒரு குடம் நீரை அங்கே கொண்டு செல்ல எத்தனை மடங்கு எரிபொருள் வேண்டுமென்பதை மேலே கண்டோம். அங்கேயே நீர் உண்டாயின், அந்தக் குழியை வைத்திருப்பவனே விண்வெளியின் வழிப்போக்கர் எல்லோருக்கும் எரிபொருள் விற்கும் முதலாளி. குழியின் இருளுக்குப் பக்கத்திலேயே பெரும்பாலான காலம் வெயில் படுகின்ற சில மேட்டு விளிம்புகள் உள்ளன. மின்சாரத்துக்கு அவை வேண்டும். அத்தகைய இடங்கள் மிகச் சில. சந்திரன் பெரிது, பயன்படும் சந்திரன் சிறிது.

சட்டம் என்ன சொல்கின்றது? 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, சந்திரனை எந்த நாடும் உரிமை கோரியோ பயன்படுத்தியோ குடியேறியோ தனதாக்கிக்கொள்ள முடியாது என்கின்றது. 1979இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சந்திர உடன்பாடு மேலுஞ் சென்று, சந்திரனும் அதன் வளங்களும் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்றும், பயனை எல்லா நாடுகளும் நியாயமாகப் பகிரவேண்டும் என்றும், வளர்முக நாடுகளின் தேவை கவனிக்கப்பட வேண்டும் என்றும் கூறிற்று. மனிதரைத் தம் ரொக்கெட்டில் விண்ணுக்கு அனுப்பிய மூன்று நாடுகளில் ஒன்றேனும் அதனை ஏற்கவில்லை. உறுதிப்படுத்திய நாடுகள் இருபதைத் தாண்டவில்லை. 2015இல் அமெரிக்கா, விண்வெளியிலிருந்து எடுக்கும் வளம் எடுத்த அமெரிக்கக் குடிமகனுக்கே சொந்தம் என்று தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. 2020இல் எழுந்த ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தை இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுள்ளன. வளத்தைத் தோண்டி எடுப்பது நிலத்தைத் தனதாக்குவதாகாது என்பது அதன் வாசகம். வேலை நடக்குமிடத்தைச் சுற்றிப் 'பாதுகாப்பு வலயம்' அறிவிக்கவும் அது இடமளிக்கின்றது. தற்காலிகமானதுதானாம். சீனாவும் ரஷ்யாவும் அதில் இல்லை. ஆனால் அவை சேர்ந்து திட்டமிடும் ஆய்வு நிலையத்தின் கண்ணும் அதே தென்துருவத்தின் மீதே.

2020ஆம் ஆண்டின் இறுதியில் சிறு செய்தியொன்று வந்தது. சந்திர மண்ணில் ஒரு பிடியைச் சேகரித்துத் தமக்கு விற்கும்படி அமெரிக்க விண்வெளி நிறுவனம் சில கம்பனிகளோடு ஒப்பந்தம் செய்தது. ஒரு கம்பனி கேட்ட விலை ஒரு டொலர். நகைப்புக்குரிய தொகைதான். ஆனால் அந்த ஒரு டொலர் மண்ணுக்கான விலையன்று. விற்கலாம், வாங்கலாம் என்னும் வழக்கத்துக்கான விலை அது.

இத்தீவிலும் காணிக்கு மலிவான விலை ஒருகாலத்தில் இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குச் சொந்தமெனக் கொள்ளப்படும் என்றது. மலைநாட்டுக் கிராமத்தவன் தலைமுறை தலைமுறையாக விறகெடுத்த காடும், மாடு மேய்த்த பத்தனையும், சேனை செய்த சரிவும் 'ஒருவருக்கும் சொந்தமில்லாதவை' ஆயின. எல்லோரும் பயன்படுத்தியதால் எவரிடமும் உறுதி இல்லை. ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரர் வாங்கினர். வாங்கியோரில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். பின்னர் அந்நிலத்திற் காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நாட்டத் தென்னிந்தியாவிலிருந்து உழைப்பாளிகள் அழைத்துவரப்பட்டனர். அம்மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு 1948இல், நீங்கள் இந்நாட்டுக் குடிகளல்லர் என்று சொல்லப்பட்டது. நிலத்தை இழந்தவனுக்கும் நிலமில்லை, உழைத்தவனுக்கும் நிலமில்லை.

'சந்திரனில் கிராமத்தவன் யார்? அங்கே எவனுடைய மாட்டை யார் விரட்டப்போகின்றார்?' என்று நண்பர் ஒருவர் நம்மை மடக்கினார். நியாயமான கேள்வி, விடையின்றித் தப்பிவிட முடியாது. சந்திரனில் விரட்டப்படுவதற்கு எவருமில்லை என்பது உண்மை. ஆனால் தீங்கு என்பது விரட்டுவது மாத்திரமா? வருபவனுக்கு வாயிலை அடைப்பதும் தீங்கே. கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பனிக்கட்டி எரித்தால் மீளாது. நூறாண்டு கழித்து அங்கே செல்ல வல்லமை பெறும் நாடு, குழி வெறுமையாகவும் விளிம்பு வேலியிடப்பட்டதாகவும் காணுமாயின், அதற்கு இழப்பில்லை என்று எவ்வாறு சொல்வது? இன்னும் பிறவாதவனிடமிருந்து எடுப்பது களவாகாது என்ற அறத்தை ஏற்றால், காடழிப்பவனையும் நாம் கண்டிக்க முடியாது.

தனிச்சொத்துக்குத் தத்துவம் வகுத்த ஆங்கில அறிஞர் லொக்கையே சாட்சிக்கு அழைக்கலாம். பொதுவாகக் கிடப்பதிலே ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுக்குச் சொந்தமாகும் என்றவர் அவர். ஆனால் அதே இடத்தில், பிறர்க்கும் போதியதும் அதேபோல நல்லதும் எஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தார். ஒளி விளிம்புகள் மிகச் சிலவே ஆயின், அந்த நிபந்தனை முதலாவது வேலியோடு முறிந்துபோகின்றது. மேலும், உழைப்பைக் கலந்தவன் எவன்? கலூகாவின் செவிட்டு ஆசிரியனா, டோராவின் கைதியா, கம்பி நெய்த பெண்ணா, வரி செலுத்திய கோடிக்கணக்கான மக்களா, அல்லது கடைசியில் இயந்திரத்தை இறக்கிய கம்பனியா? லொக்கின் வாதம் நேர்மையாகச் செல்லுமாயின் சந்திரன் மனிதகுலத்தின் கையிலேயே வந்து சேரும் என்பது நம் துணிபு.

இலாபமின்றேல் எவர் போவார் என்பர். லூனாவும் அப்பொலோவும் இலாபத்துக்காகப் போகவில்லை. சந்திரயானும் சாங்-ஏயும் போகவில்லை. போட்டிக்காகப் போயின என்றால் ஒப்புக்கொள்வோம். அதுவும் உயர்ந்த நோக்கமன்று.

பொதுச் சொத்து என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்போர்க்குக் கடலைக் காட்டலாம். 1967இல் மோல்ற்றா நாட்டுப் பிரதிநிதி ஆர்விட் பார்டோ, ஆழ்கடற் படுகை மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் சபையிலே வாதிட்டார். அதன்பின் எழுந்த கடற்படுகைக் குழுவுக்கும், 1973இல் தொடங்கிய கடற்சட்ட மாநாட்டுக்கும் தலைமை வகித்தவர் நம் நாட்டவரான ஹமில்ற்றன் ஷேர்லி அமரசிங்க. 1980இல் இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். 1982இல் அந்தச் சட்டம் நிறைவேறியது. 1994இல் நடைமுறைக்கு வந்தது. ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன் நகரில் அதற்கெனக் காரியாலயமும் இயங்குகின்றது. அமெரிக்கா இன்றளவும் சேரவில்லை. வேறு குறைகளும் பல உண்டு. ஆயினும் ஆழ்கடலைத் தோண்ட விரும்புவோர் விண்ணப்பம் கொடுக்கவேண்டிய ஒரு வாசல் அங்கே இருக்கின்றது. சந்திரனுக்கு அப்படியொரு வாசல் இல்லை.

சில நாட்களுக்குப் பின்னர், அரைநிலவு நாளில் அந்த மாணவனை மீண்டும் அழைத்தோம். அன்று ஒளிக்கும் இருளுக்கும் நடுவேயுள்ள எல்லையிலே குழிகள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நின்றன; தெற்கு விளிம்பு அம்மைத் தழும்பு போலத் தெளிவாகத் தெரிந்தது. முன்னர் சொன்ன விடையைத் திருத்திக்கொள்வதாகச் சொன்னோம். "அது எல்லாருக்கும் சொந்தம் எண்டு எழுதி வைச்சிருக்கினம், தம்பி. ஆனால் உறுதி இன்னும் முடிக்கேல்லை."

"அப்ப ஆர் ஐயா முடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் அவன் மறுபடியும் வில்லையிற் கண்ணை வைத்தான்.